பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி…

இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, பழைய கம்ப்யூட்டரை குறைஞ்ச காசில் கேம் ஆடுற அளவுக்குத் தேத்துவது எப்படி என்பது.

"கேமா? படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று டீச்சர்கள் கோபப்பட வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ரொம்பக் கஷ்டமான வேலை வைக்கிறது கேம்தான். கேம் திணறாம ஓடுற மெஷின்ல டைப்பிங், பாட வீடியோ, புராஜெக்ட் வேலை எல்லாமே தானா ஓடும். அதனால இது படிக்கிறவங்களுக்கும் உரிய விஷயம்தான்.

எங்கள் வீட்டில் உள்ளது, ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் பண்ற கடை ஒண்ணு மூடினப்போ, 2021-ல் ஆன்லைன் கிளாசுக்காக மாமா வாங்கிக் கொடுத்த மேசைக் கம்ப்யூட்டர். உள்ளே இருப்பது இன்டெல் கோர் ஐ5-3470 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 18.5 இன்ச் மானிட்டர். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 2025-ல் அது நொண்ட ஆரம்பிச்சுது. ஆன் பண்ணிட்டு சோறு வடிச்சுட்டு வந்தாலும் டெஸ்க்டாப் வந்திருக்காது. ஒரு கடையில் காட்டினதுக்கு, "இதைக் காயலான் கடைக்குப் போடுங்க. 45,000 ரூபாய்க்கு புது கேமிங் பிசி போட்டுத் தரேன், மாசாமாசம் கட்டுங்க" என்றார்கள்.

வீட்டில் இருந்ததோ 7,000 ரூபாய். அதுவும் அண்ணன் கன்டெய்னர் யார்டில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது. அம்மா ஒரே நிபந்தனை போட்டார்கள்: "7,000-க்கு மேல ஒத்த ரூபா கிடையாது, கடனும் கிடையாது. அதுல இவ படிப்பும் நடக்கணும், உன் ஆட்டமும் நடக்கணும்." அந்த 7,000 ரூபாயை எந்த வரிசையில் செலவழிச்சோம், ஏன் அப்படிச் செலவழிச்சோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

1. எந்த பார்ட் என்ன வேலை செய்யுது?

கம்ப்யூட்டரை நம்ம காசிமேடு மீன்பிடித் துறைமுகம் மாதிரி நினைச்சுக்கோங்க.

ஹார்டு டிஸ்க் என்பது ஐஸ் போட்டு மீனை அடுக்கி வைக்கிற கிடங்கு. கரண்ட் போனாலும் சரக்கு அங்கேயே இருக்கும். ஆனா எடுத்து வர நேரம் ஆகும்.

ரேம் என்பது ஏலம் போடுற தரை. கிடங்கிலிருந்து எடுத்து வந்து தரையில் பரப்பினாத்தான் வேலை நடக்கும். தரை சின்னதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்து, திரும்ப உள்ளே வச்சு, திரும்ப வெளியே எடுத்து… பாதி நேரம் இதுலேயே போயிடும். கரண்ட் போச்சுன்னா தரை காலி.

பிராசசர் என்பது ஏலம் விடுறவர். ஐ5-3470-ல் இப்படி நாலு பேர் இருக்காங்க. அதுதான் 4 கோர். கெட்டிக்காரங்க, எந்த முடிவையும் சட்டுனு எடுப்பாங்க. ஆனா நாலே பேர்.

கிராபிக்ஸ் கார்டு என்பது வரிசையா உட்கார்ந்து மீன் வெட்டுற அம்மாக்கள். எல்லாரும் செய்றது ஒரே வேலைதான், ஆனா ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான கைகள் செய்யும். எங்கள் மானிட்டரில் அகலத்துக்கு 1366 புள்ளி, உயரத்துக்கு 768 புள்ளி. பெருக்கினால் 10,49,088 புள்ளிகள். கேம் வழவழன்னு ஓட செகண்டுக்கு 60 தடவை படம் மாறணும். அப்படின்னா ஒரு செகண்டுல ஆறு கோடிக்கும் மேல புள்ளிக்கு நிறம் போடணும். நாலு ஏலக்காரரை மீன் வெட்டச் சொன்னா முடியுமா? அதுக்குத்தான் தனி கிராபிக்ஸ் கார்டு.

எஸ்எம்பிஎஸ் என்பது டிரான்ஸ்பார்மர் மாதிரி. வீட்டுக்கு வர்ற 230 வோல்ட்டை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட்டா மாத்திக் கொடுக்கும். யாரும் இதைக் கண்டுக்கிறதே இல்லை. ஆனா இதுதான் எல்லாத்துக்கும் சோறு போடுற பெட்டி.

2. எங்கே அடைக்குதுன்னு முதல்ல பாருங்க

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிறதை நம்ம எல்லாரும் பார்த்திருக்கோம். ரோட்டை எட்டு வழியா அகலப்படுத்தினாலும், துறைமுக கேட்டுல ஒரு லாரிதான் நுழைய முடியும்னா வரிசை குறையவே குறையாது. அடைப்பு இருக்கிறது கேட்டுல.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். எந்த பார்ட் கேட் மாதிரி அடைக்குதோ, அதை மாத்தினாத்தான் பலன். மத்ததுக்குப் போடுற காசு தண்டம். பலர் எடுத்த எடுப்பில் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிடுறாங்க. அப்புறம் "ஆன் ஆகவே மூணு நிமிஷம் ஆகுது"ன்னு புலம்புறாங்க. கிராபிக்ஸ் கார்டுக்கும் ஆன் ஆகிறதுக்கும் சம்பந்தமே இல்லை.

அடைப்பைக் கண்டுபிடிக்க காசு வேண்டாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணு கீயையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். அது டாக்டர் வைக்கிற தெர்மாமீட்டர் மாதிரி. எங்கள் மெஷினில், ஆன் பண்ணின நேரத்தில் டிஸ்க் 100 சதவீதம், மெமரி 88 சதவீதம், பிராசசர் 20 சதவீதம்தான். அதாவது ஏலக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கார். கிடங்கு வாசலில்தான் நெரிசல்.

கேம் ஓடும்போது எது அடைக்குதுன்னு பார்க்க இன்னொரு வழி இருக்கு. கேம் செட்டிங்ஸில் போய் ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. குறைச்சதும் வேகம் கூடினா, அடைப்பு கிராபிக்ஸில். குறைச்சும் வேகம் அப்படியே இருந்தா, அடைப்பு பிராசசரில். மைன்கிராஃப்ட்டில் எங்களுக்கு செகண்டுக்கு 18 படம்தான் வந்தது. 800க்கு 600 என்று குறைச்சதும் 35 ஆச்சு. ஆக பிராசசர் நல்லாத்தான் இருக்கு, கிராபிக்ஸ்தான் பலவீனம் என்று தெரிஞ்சுபோச்சு.

இன்னொரு ஆதாரமும் கிடைச்சுது. 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5 கேமுக்கு, நல்லா ஓட என்ன வேணும்னு அந்தக் கம்பெனி போட்ட பட்டியலில் இருந்த பிராசசர் எது தெரியுமா? இதே ஐ5-3470-தான்! கூடவே 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 660 கிராபிக்ஸ் கார்டு. (அது 18 வயசுக்கு மேல் உள்ளவங்க ஆடுற கேம். அண்ணன் ஆடுவார், நான் ஆடுறதில்லை. நான் ஆடுறது மைன்கிராஃப்ட்டும் பழைய கிரிக்கெட் 07-ம்தான்.) அப்போ, "பிராசசரே வேஸ்ட்டு, எல்லாத்தையும் மாத்தணும்" என்று சொன்னது சரியில்லைதானே?

3. காசை எந்த வரிசையில் செலவழிக்கணும்?

முதல் படி: சுத்தம் (செலவு 100 ரூபாய்)

பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச கரண்ட்டைப் போக்கிட்டு, பக்கத்து மூடியைக் கழற்றினோம். உள்ளே கருப்பா ஒரு போர்வையே இருந்தது. பெயிண்ட் அடிக்கிற சின்ன பிரஷ் வச்சு மெதுவா தட்டி எடுத்தோம். ஃபேனைச் சுத்தம் பண்ணும்போது அது சுத்தாம விரலால் பிடிச்சுக்கணும். பிராசசர் மேல இருக்கிற ஃபேனைக் கழற்றி, காய்ஞ்சு போன பழைய பேஸ்ட்டைத் துடைச்சுட்டு, பச்சைப்பயறு அளவு புது தெர்மல் பேஸ்ட் வச்சோம். கேம் ஆடும்போது 92 டிகிரி வரைக்கும் ஏறின சூடு 68-ல் நின்றது. சூடு அதிகமானா பிராசசர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அதனால சுத்தம் பண்றதே ஒரு அப்கிரேடுதான்.

இரண்டாம் படி: எஸ்எஸ்டி (1,500 ரூபாய்)

ஹார்டு டிஸ்க்குக்குள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுத்துது. அப்படின்னா செகண்டுக்கு 120 சுத்து. வேணுங்கிற தகவல் ஊசிக்குக் கீழே வர சராசரியா பாதிச் சுத்து காத்திருக்கணும். அது சுமார் 4 மில்லி செகண்ட். ஊசி நகர்றதுக்கு இன்னும் 8, 9 மில்லி செகண்ட். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஃபைல்களை ஒரு செகண்டுக்கு சுமார் 75 தடவைதான் எடுக்க முடியும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை எடுக்கணும். எப்படி வேகமா வரும்?

எஸ்எஸ்டியில் சுத்துற தட்டே கிடையாது. எல்லாம் சிப். அதே வேலையை செகண்டுக்கு பல்லாயிரம் தடவை செய்யும். பழைய மெஷினில் இருக்கிற சாட்டா கேபிளிலேயே மாட்டலாம். பெரிய ஃபைலைக்கூட செகண்டுக்கு 500 எம்பி வேகத்தில் படிக்கும். பழைய டிஸ்க்கில் சுமார் 100 எம்பிதான். எங்கள் கம்ப்யூட்டர் ஆன் ஆக 2 நிமிஷம் 40 செகண்ட் ஆனது, 25 செகண்டா குறைஞ்சுது. பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடலை. படம், பாட்டு, பாடக் குறிப்பு வைக்க அது உள்ளேயே இருக்கு.

மூன்றாம் படி: ரேம் (500 ரூபாய்)

விண்டோஸ் மட்டுமே 2 ஜிபிக்கு மேல சாப்பிட்டுடும். 4 ஜிபியில் மிச்சம் என்ன இருக்கும்? எங்கள் மெஷின் டிடிஆர் 3 ரேம் ரகம். டிடிஆர் 4 இதுல மாட்டவே முடியாது. நடுவில் உள்ள வெட்டு வேற இடத்தில் இருக்கும், வோல்ட்டும் வேற. (டிடிஆர் 3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர் 4-க்கு 1.2 வோல்ட்.) செகண்ட் ஹேண்டில் இன்னொரு 4 ஜிபி வாங்கி மாட்டினோம். ஒரே மாதிரி ரெண்டு ரேம் போட்டா, ரெண்டு பாதையில் ஒரே நேரத்தில் தகவல் போகும். இதுக்கு டூயல் சேனல் என்று பேர்.

நான்காம் படி: எஸ்எம்பிஎஸ் (1,900 ரூபாய்)

இந்தப் படியில்தான் அண்ணனுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். "இதுக்குப் போய் 1,900-ஆ? அந்தக் காசையும் கிராபிக்ஸ்ல போட்டா இன்னும் பெரிய கார்டு வாங்கலாம்" என்றார் அண்ணன். பழைய எஸ்எம்பிஎஸ் பேர் தெரியாத கம்பெனி. கேம் ஆடும்போது லேசா கருகல் வாடை வரும். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பிராசசர் 77 வாட், கிராபிக்ஸ் கார்டு 60 வாட், மத்ததெல்லாம் சேர்த்து 50 வாட். மொத்தம் 200 வாட்கூட இல்லை. பழைய பெட்டியில் "450 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 200 வாட்டுக்கே கருகல் வாடை வந்தா, அந்த ஸ்டிக்கருக்கு என்ன மதிப்பு? அது வெடிச்சா தனியா போகாது, புதுசா வாங்கின எல்லாத்தையும் சேர்த்துக்கொண்டு போகும். வீடும் நெருக்கமா இருக்கிற வீடு. அம்மா என் பக்கம் சேர்ந்துக்கிட்டாங்க. பி.ஐ.எஸ். பதிவும் கேரண்டியும் உள்ள நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் வாங்கினோம்.

ஜாக்கிரதை! எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீங்க. 230 வோல்ட் ஏசி உள்ளே போய் டிசியா மாறும்போது 325 வோல்ட் வரைக்கும் ஆகும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். இன்னொண்ணு, சில பெரிய கம்பெனி ஆபீஸ் மெஷின்களில் மதர்போர்டுக்குப் போற கனெக்டரே வேற மாதிரி இருக்கும். 24 முனை இருக்கான்னு எண்ணிப் பார்த்துட்டு வாங்குங்க.

ஐந்தாம் படி: கிராபிக்ஸ் கார்டு (2,700 ரூபாய்)

நாங்க தேர்ந்தெடுத்தது செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 750 டிஐ. இது 2014 பிப்ரவரியில் வந்த கார்டு. உள்ளே 640 சின்ன கோர்கள் இருக்கு, 2 ஜிபி மெமரி இருக்கு. ஏன் இதுன்னா, 60 வாட்தான் எடுக்கும். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரைக்கும் கொடுக்கும் என்பதால் பெரும்பாலும் தனி பவர் ஒயர் தேவைப்படாது. எங்கள் பழைய மானிட்டரில் விஜிஏ கேபிள்தான். இந்த வகை கார்டுகள் பலவற்றில் விஜிஏ உண்டு. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இன்னும் வேகமானது, அதுக்கும் 75 வாட் போதும். ஆனா விலை கூட, விஜிஏவும் கிடையாது.

மானிட்டரை மாத்தாததும் ஒரு லாபம்தான். முழு ஹெச்.டி. மானிட்டரில் 20,73,600 புள்ளிகள். எங்கள் மானிட்டரில் அதுல ஏறக்குறைய பாதிதான். ஆக கார்டுக்கு வேலை பாதி! மைன்கிராஃப்ட் இப்போ 75 படத்துக்கு மேல வருது.

மாட்டினதும் மறக்காதீங்க: மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாம, புது கார்டின் பின்னாடி செருகணும்.

4. ரிச்சி தெருவில் வாங்கும்போது

எலக்ட்ரானிக்ஸ் பொருளுக்கு சென்னையில் பேர் போனது சிந்தாதிரிப்பேட்டை, அண்ணா சாலை பக்கத்தில் இருக்கிற ரிச்சி தெரு. அதோட நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்ததுதான் அந்த மார்க்கெட். திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினா அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கலாம், நடுவில் மாற வேண்டாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததிலிருந்து நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது சுலபம்.

அங்கே போகும்போது கவனிக்க வேண்டியவை:

● ஒரு கடையில் கேட்டதும் வாங்காதீங்க. குறைஞ்சது நாலு கடை விசாரிச்சு நோட்டில் எழுதிக்கோங்க.

● செகண்ட் ஹேண்ட் கார்டை கடையிலேயே மாட்டி 15 நிமிஷம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. திரையில் கோடு, புள்ளி வந்தா வேண்டாம்.

● கார்டில் நிற்கிற சின்ன டப்பா மாதிரி கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கான்னு பாருங்க. உப்பியிருந்தா வேண்டாம்.

● போலி கார்டும் உண்டு. பழைய கார்டுக்குள்ளே மென்பொருளை மாத்தி புது கார்டு பேர் காட்ட வச்சு விற்பாங்க. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினா, போலின்னு சந்தேகம் இருந்தா அதுவே காட்டிக் கொடுக்கும்.

● பில் வாங்குங்க. "டெஸ்டிங் கேரண்டி" எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்க. வாய்ப் பேச்சு தெருவோட போயிடும்.

5. நம்ம ஊர் காத்துக்கு தனி கவனம்

புத்தகத்தில் இருக்கிற டிப்ஸ் எல்லாம் நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தாது. நமக்கு ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தொழிற்சாலை. எண்ணூர் துறைமுகமே (இப்போ காமராஜர் துறைமுகம்) 2001-ல் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் திறக்கப்பட்டது. கரித்தூளும் உப்பும் சேர்ந்தா கம்ப்யூட்டருக்கு ரெட்டைக் கேடு.

சமையல் உப்பு மழைக்காலத்தில் ஜாடியில் நீர்த்துப் போகிறதைப் பார்த்திருப்பீங்க. காத்தில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா, உப்பு காத்திலிருக்கிற ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிச்சுடும். மதர்போர்டு மேல படிஞ்ச உப்பும் அப்படித்தான். உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். "நேத்து நல்லா ஓடுச்சு, இன்னிக்கு ஆன் ஆகலை" என்று சொல்ற பல மெஷின்களில் ரேம் முனைகளில் படிஞ்ச இந்த அழுக்குதான் காரணமா இருக்கும். ரேமைக் கழற்றி, அந்தத் தங்க நிற முனைகளை பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவா தேய்ச்சு, தூளைத் துடைச்சுட்டு மாட்டினா பல நேரம் உயிர் வந்துடும். செலவு இரண்டு ரூபாய் ரப்பர்!

அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுங்க. கடல் பக்க ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க. மழைக்காலத்தில் வாரம் ரெண்டு மூணு தடவையாவது ஆன் பண்ணி கொஞ்ச நேரம் ஓட விடுங்க, உள்ளே வர்ற சூட்டில் ஈரம் காயும். தரையில் வைக்காம மேசை மேல வைங்க. 2015, 2023 டிசம்பர் மழையில் வீட்டுக்குள்ளே தண்ணி வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. எர்த் உள்ள மூணு முனை பிளக்கில்தான் செருகணும். கேபினெட்டைத் தொட்டா சுரீர்னு இருந்தா எர்த் இல்லைன்னு அர்த்தம், உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

6. எதை எதிர்பார்க்கக் கூடாது?

நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போனா அது விளம்பரம் ஆயிடும். குறைகளையும் சொல்றேன்.

ஒன்று: புது கேம் எல்லாம் ஓடாது. ஏவிஎக்ஸ் 2 என்று ஒரு கட்டளைத் தொகுப்பு இருக்கு. இன்டெல்லில் அது 2013-ல் வந்த நாலாம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. எங்கள் பிராசசர் 2012-ல் வந்த மூணாம் தலைமுறை. அதைக் கட்டாயம் கேட்கிற கேம், எவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் திறக்கவே திறக்காது.

இரண்டு: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதுக்கு மேற்பட்ட பிராசசரும் கேட்கிறாங்க. பழைய மெஷின்கள் அதில் சேராது. அதனால எங்கள் மெஷினில் லினக்ஸ் மின்ட்டும் போட்டிருக்கோம். அது இலவசம். இன்டர்நெட் வேலை எல்லாம் அதுலதான் செய்றோம். வால்வ் கம்பெனி 2018-ல் கொண்டு வந்த புரோட்டான் என்ற மென்பொருளால் பல விண்டோஸ் கேம்கள் லினக்ஸிலும் ஓடும். ஆனா வேலோரன்ட் மாதிரி, ஏமாத்துறதைத் தடுக்கிற காவல் மென்பொருள் உள்ள சில கேம்கள் ஓடாது.

மூன்று: ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ மாதிரி கார்டுகளுக்கு புது கேம்களுக்கான டிரைவர் விடுறதை என்விடியா 2025 அக்டோபரோட நிறுத்திடுச்சு. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும் என்று சொல்லியிருக்காங்க.

நான்கு: நாங்க வாங்கினது 2025 ஜூலையில். அந்த வருஷக் கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை ரொம்ப ஏறிடுச்சு. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்காக உலகத்திலுள்ள மெமரி சிப்பை எல்லாம் பெரிய கம்பெனிகள் வாங்கிக் குவிக்கிறதுதான் காரணம். மைக்ரான் கம்பெனி, குரூசியல் என்ற பேரில் சாதாரண ஜனங்களுக்கு விற்கிறதையே நிறுத்தப் போறதா 2025 டிசம்பரில் அறிவிச்சுது. எங்கேயோ அமெரிக்காவில் கட்டுற சர்வருக்கும், திருவொற்றியூரில் நாம வாங்குற ரேமுக்கும் இப்படி ஒரு தொடர்பு! அதனால என் விலைப் பட்டியலை அப்படியே நம்பாம விசாரிச்சுக்கோங்க. வரிசை மட்டும் மாறாது.

7. எங்கள் கணக்கு

தெர்மல் பேஸ்ட் … 100 ரூபாய்
எஸ்எஸ்டி 240 ஜிபி (புதுசு) … 1,500 ரூபாய்
ரேம் 4 ஜிபி (செகண்ட் ஹேண்ட்) … 500 ரூபாய்
எஸ்எம்பிஎஸ் (புதுசு) … 1,900 ரூபாய்
கிராபிக்ஸ் கார்டு (செகண்ட் ஹேண்ட்) … 2,700 ரூபாய்
சாட்டா கேபிள் … 70 ரூபாய்
மதர்போர்டு பட்டன் பேட்டரி … 30 ரூபாய்
மொத்தம் … 6,800 ரூபாய்

மீதி 200 ரூபாயில் மெட்ரோ டிக்கெட்டும் ரெண்டு டீயும் போக 40 ரூபாயை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தோம். 45,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தா இன்னும் கட்டிக்கொண்டு இருந்திருப்போம். இப்போ சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை என் நேரம், எட்டுக்கு மேல அண்ணன் நேரம்.

8. இது கேமுக்கு மட்டும் இல்லை

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கின இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கின பழைய லேப்டாப்கள் எத்தனையோ அக்கா, அண்ணன்களின் வீட்டு பீரோ மேல தூங்குது. அதிலும் இதே வைத்தியம்தான். ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி, கூட கொஞ்சம் ரேம், மேல ஒரு லினக்ஸ். அந்த லேப்டாப்களில் விண்டோஸோட சேர்த்து, நம்ம நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கின பாஸ் லினக்ஸும் கொடுத்தாங்க என்பது பலருக்குத் தெரியாது. கேம் பெருசா ஓடாது, ஆனா படிப்புக்குத் தாராளம்.

தேத்தவே முடியாததை என்ன செய்றது? காயலான் கடையில் எடைக்குப் போடாதீங்க. பழைய சர்க்யூட் போர்டு ஈயப்பற்றில் காரீயம் இருக்கு. செம்புக்காக ஒயரைத் திறந்தவெளியில் எரிக்கிறாங்க. அந்தப் புகையை சுவாசிக்கிறது யாரு? நம்ம பக்கத்து ஜனங்கதான். ஏற்கெனவே நம்ம காத்துக்கு உள்ள பாரம் போதும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம்தான் அதைச் சேர்க்கணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம பள்ளி கம்ப்யூட்டர் ரூமில் ஆன் ஆகாம துணி போட்டு மூடி வச்சிருக்கிற ரெண்டு மெஷின் இருக்கு. தலைமை ஆசிரியை அவர்கள் அனுமதி கொடுத்து, சார் ஒருத்தர் பக்கத்தில் நின்றால், ஒரு சனிக்கிழமை ஒரு பிரஷ்ஷும் ஒரு ரப்பரும் எடுத்து வர நான் தயார். வர விருப்பம் உள்ளவங்க இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் பேர் எழுதுங்க. ஒண்ணு ஓடினாலும், கம்ப்யூட்டர் பீரியடில் ஒரே மெஷின் முன்னால் நாலு பேர் முண்டியடிக்கிறது கொஞ்சம் குறையும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு

பின்குறிப்பு: மூடியைத் திறக்கும் முன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளவும். நம் உடம்பில் உள்ள நிலை மின்சாரம் சிப்பைக் கெடுக்கும். எட்டாம் வகுப்பும் அதற்குக் கீழே உள்ளவர்களும் பெரியவர்கள் இல்லாமல் திறக்க வேண்டாம்.